மூன்று துவக்கும் ஒரு கத்தரிக்காயும்

சென்ற மாதம் உறைமழையில், கனடாவில் எங்கள் ஸ்காபரோவில் கரண்ட் போனது. திரும்பி வந்தது மறுநாள் மாலைதான். அதற்குள் என் தங்கை சரோவின் கணவர் குணம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டுக்குத் துவக்கு வேண்டும். ஒன்றல்ல… மூன்று!

யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன் – துவக்கு என்றால் துப்பாக்கி. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் உதவும்.

உலகம் கவிழ்ந்தால் உயிர் பிழைப்பது எப்படி என்று வெள்ளைக்காரர்கள் போடும் வீடியோக்களை, ஃபோன் சாகும்வரை பார்த்திருக்கிறார் மனிதர்.

"ஒண்டு வாத்துக்கு, ஒண்டு முயலுக்கு, மற்றது மானுக்கு. கடையெல்லாம் பூட்டினாலும் நாங்கள் பட்டினி கிடக்கமாட்டம், மச்சான்."

"அவசரம் வெள்ளிக்கிழமை வந்தால்?" என்றேன்.

செவ்வாயும் வெள்ளியும் மச்சம் மாமிசம் தொடாதவர் அவர்.

"கத்தரிக்காய் சுட எந்தத் துவக்கு நல்லதாம்?" என்று நானே கேட்டேன்.

"பகிடி விடாதையும். கள்ளன் வந்தாலும் உதவும்தானே?"

உதவுமா? துவக்கைப் பூட்டி வைக்க வேண்டும், தோட்டாவைத் தனியே வைக்க வேண்டும் என்று, துவக்கு லைசென்ஸுக்காக அவர் போன வகுப்பில் சொன்னார்களாம். தினமும் காலையில் கார்ச் சாவிக்காக சோபாவைப் புரட்டிப் போடுகிறவர் குணம். கள்ளனை உட்கார வைத்து, தேநீர் கொடுத்துவிட்டுத்தான் பெட்டிச் சாவியைத் தேட வேண்டியிருக்கும்.

லைசென்ஸ் கேட்டால் தெரிந்தவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மனைவிக்கும் தெரிய வேண்டும். சரோவைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, முதலில் பக்கத்து வீட்டுச் செந்திலைப் பிடித்தார் குணம். செந்தில் மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை.

"தம்பி, துவக்கு விஷயமா உம்மட கையெழுத்து ஒண்டு வேணும்."

"அதுக்கென்னண்ணே, போட்டுடலாம்!"

மறுநாள் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த சரோவைப் பார்த்துச் செந்தில் கை கொடுக்காத குறை.

"வாழ்த்துகள்க்கா! அண்ணன் துவக்குன்னாரு, கையெழுத்தெல்லாம் கேட்டாரு. என்ன துவக்கப் போறீங்க… ரெஸ்டாரண்டா?"

பாவம், அவர் ஊரில் துவக்கு என்றால் தொடங்கு! சரோவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்.

அன்று மாலை வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஆனால் சரோவின் முகம் வேடிக்கைக்கு உரியதாக இல்லை.

"துவக்குக்குப் பயந்துதானே வீடு வாசலை விட்டிட்டு ஓடி வந்தனாங்கள்? இப்ப காசு குடுத்து அதை வீட்டுக்குள்ள கொண்டு வரப்போறியளோ? அது உள்ளுக்கு வாற கதவால நான் வெளியில போவன்."

சொன்னால் செய்வாள். எனக்குத் தெரியும், குணத்துக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அவர் சோபாவில் உட்கார்ந்தார்.

"அண்டைக்கு இருட்டுக்குள்ள நீர் நடுங்கிக்கொண்டு இருந்தனீர். என்னால ஒண்டும் செய்ய ஏலாமக் கிடந்தது, சரோ. நான் பயந்திட்டன்."

கொண்டு வந்த கேலியைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினேன்.

சரோவும் இளகிவிட்டாள். "இஞ்சாருங்கோ, நான் நடுங்கினது குளிரில. குளிரைச் சுட ஏலுமே?"

அந்தச் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கு ஒரு ஜெனரேற்றர் வந்தது. சரோ அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள் – துவக்கு!

போன வாரம் மறுபடியும் கரண்ட் போனது. குணம் வீட்டுப் பின்வளவுக்குப் போய் ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்தார். தெருவே அதிர்கிற மாதிரி டடடட என்று ஒரு சத்தம்.

"அண்ணன் துவக்கிட்டாரு!" என்று கத்தினார் செந்தில்.

துவக்குச் சத்தம் கேட்டால் சனம் ஓடும் என்பது நான் சின்ன வயதிலேயே பார்த்தது. அன்றும் ஓடியது… சார்ஜரும் கையுமாக, குணத்தின் வீட்டை நோக்கி!