பழைய ரயில் பாதையில் ஒரு குழையல்

பாரிஸின் லா ஷப்பலில் என் பக்கத்து மரக்கறிக் கடைக்கார அண்ணை தன் மகளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அவளுக்குத் தெற்கே, துலூஸ் நகரில் வேலை கிடைத்திருந்தது. அங்கே தனியாக வீடெடுத்து இருக்கப் போகிறேன் என்றாள். "கலியாணம் கட்டாத பிள்ளை தனிய இருக்கிறதோ?" என்று கேட்டார். "ஓம்" என்றாள். அதோடு வாயை மூடியவர்தான். வருகிற கிழமை அவள் புறப்படுகிறாள்.

அவர் வாயை மூடினார் என்றால் எங்கள் தெருவான ரூ பெர்தொனேயில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வெண்டிக்காய் வாங்க வந்தவரை நிற்கவைத்துக் குடும்பக் கதை முழுக்கக் கேட்கிற மனிதர் அவர்.

இந்தச் சண்டைக்கு முன்பே தகப்பனும் மகளும் ஒரு சைக்கிள் பயணம் பேசி வைத்திருந்தார்கள். நோர்மண்டிப் பக்கம் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, ரயில் ஓடிய தடத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள். போகாமல் விட அவருக்கு மனமில்லை. அவளோடு தனியே போகவும் முடியவில்லை. "தம்பி, நீயும் வா" என்றார். எதற்கென்று எனக்குத் தெரியாதா?

கருவேப்பிலை வாங்க வந்த அம்மா ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ரெயின் ஓடாத பாதையைப் பாக்க ரெயின் ஏறிப் போறியளோ? நல்ல வடிவு!"

நாங்கள் போய் இறங்கும்போதே தூறல். வாடகைச் சைக்கிள் எடுத்தோம். அண்ணை கைபிடியின் இரண்டு பக்கமும் பைகளைக் கொழுவினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, எல்லாம் தனித்தனிப் பெட்டிகளில். ஊர்வலம் போகிற சைக்கிள் மாதிரி இருந்தது.

"மழைச்சட்டை கொண்டுவந்தவளோ எண்டு அவளைக் கேள்."

அவள் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அப்பாவுக்கும் ஒன்று இருக்கிறது என்று என்னிடம் பிரெஞ்சில் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"எனக்கு வேண்டாமெண்டு சொல்லு."

அவள் அதைக் கேட்டுக்கொண்டே சட்டையை அவர் தோளில் போட்டுவிட்டாள். அவர் கழற்றவில்லை.

அந்தப் பாதை ஒரு விசித்திரம். ரயிலுக்காகப் போட்டதால் மேடும் இல்லை, வெட்டித் திரும்புகிற முடக்கும் இல்லை. இரண்டு பக்கமும் நனைந்த புதர். முன்னே போகிறவரின் முதுகு கடைசிவரை கண்ணில் இருக்கும். மகள் முன்னே, அண்ணை பின்னே, நான் கடைசி. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு முதுகையே இவ்வளவு நேரம் பார்ப்பது லேசான காரியமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மழை வலுத்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். சக்கரம் சேற்றில் இழுத்தது.

வழியில் ஒரு பழைய ஸ்டேஷன். கதவு பூட்டியிருந்தது. பிளாட்பாரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். அண்ணை பைகளைத் திறந்தார். குலுங்கிய குலுக்கில் மூடிகள் கழன்று, பருப்பும் கீரையும் கத்தரிக்காயும் சோற்றோடு ஒன்றாகிக் கிடந்தன. விடியப்புறம் எழும்பிச் சமைத்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் கையைக் கழுவினார். சப்பாணி கட்டி உட்கார்ந்து பிசையத் தொடங்கினார். எங்கள் வீடுகளில் மிச்சச் சோற்றையும் கறிகளையும் இப்படித்தான் ஒன்றாகக் குழைத்து, சுற்றி இருப்பவர்களின் கையில் உருண்டை உருண்டையாக வைப்போம். குழையல் என்போம். குழைக்கிறவர் வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்து, போதுமா என்பதை "காணுமோ?" என்று கேட்கவேண்டும். அதை என்னிடம் சொல்லிக் கேட்பிக்க முடியாது.

மகள் கையை நீட்டினாள். ஒன்று வைத்தார். தின்றுவிட்டு மறுபடி நீட்டினாள். இன்னொன்று வைத்தார். மூன்றாவது தரம் உருண்டை அவர் கையிலேயே நின்றது.

"காணுமோ?"

"காணாது, அப்பா."

அவர் உருண்டையை அவள் கையில் வைத்தார். மழையைப் பார்த்தார்.

"அங்கை அடுப்பு என்ன அடுப்பு? காஸோ, கரண்டோ?"

"கரண்ட். ரெண்டுதான் இருக்கு."

"ரெண்டு காணும். ஒண்டிலை சோத்தை வை, மற்றதிலை கறியை வை. ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமை, இல்லாட்டிப் பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவிலை தட்டுவான்."

பிறகு பூட்டு எப்படி, மாடி எத்தனையாவது, கடை எங்கே என்று வெண்டிக்காய் வாங்க வந்தவரிடம் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். நானும் நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு உருண்டை வர வெகுநேரமாயிற்று.