மைக் ஆட்டோவில் மருதாயி

மருதாயிக்கு மைக் எதற்கு என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேலி பேசுவார்கள். தேவாலாவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர் அவர். சாவு விழுந்தாலும், குழாயில் தண்ணீர் வந்தாலும், யானை இறங்கினாலும் லயத்து முனையில் நின்று அவர்தான் கூவிச் சொல்வார். சிலோனிலிருந்து திரும்பி வந்த அவருடைய அப்பா செய்துகொண்டிருந்த வேலை, மகளிடம் வந்து சேர்ந்தது. மருதாயி கூவினால் உள்ளே உட்கார்ந்து காது கொடுக்கிற வழக்கம் அங்கே கிடையாது. போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுவார்கள். என்ன ஏது என்பதெல்லாம் அப்புறம்தான்.

அந்தக் குரலைத்தான் டாக்டர் வேஷத்தில் வந்த பாவிகள் மோப்பம் பிடித்தார்கள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் குழாய், மேஜைமேல் லேப்டாப். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜனம், வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் கேட்கவா வேண்டும்? இலவச முகாம் என்றார்கள். ஒரு கம்பியைக் கையில் பிடித்தால் உடம்பிலுள்ள நோயெல்லாம் திரையில் வரும் என்றார்கள். வந்தது. யார் பிடித்தாலும் வரும்படிதான் செய்து வைத்திருந்தார்கள், திருட்டுப் பயல்கள். சர்க்கரைக்கு ஒரு பச்சைப் பொடி கொடுத்து, ஆஸ்பத்திரி மாத்திரையை இனித் தொடவே கூடாது என்றார்கள். அது மட்டும் இலவசம் இல்லை.

"நீங்க கூப்பிட்டாத்தான் ஜனம் வரும்மா" என்று மருதாயியைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். நாலு பேருக்கு நல்லது என்று நம்பி அவரும் கூவினார். முதல் டப்பாவைச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் புருஷன் பரமசிவனுக்கு வாங்கினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் நடந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் பரமசிவன் போய்ச் சேர்ந்துவிட்டார். மாரடைப்பு என்று லயம் பேசிக்கொண்டது. மருதாயி மறுத்துப் பேசவில்லை.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது கூடலூரில், நுகர்வோர் சங்கக் கூட்டத்தில். நான் மைக் செட் ஆட்டோ ஓட்டுபவன். சுப்பண்ணன் என்றால் இங்கே தெரியும். போலி வைத்தியத்தை எதிர்த்து எஸ்டேட் எஸ்டேட்டாக விளம்பரம் செய்யத் திட்டம். சங்கத் தலைவர் அழகர்சாமி, தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுதி வந்ததைக் கம்பீரமாக வாசித்தார்: "அன்பார்ந்த நுகர்வோர் பெருமக்களே! விழிப்புணர்வே வளமான வாழ்வின் திறவுகோல்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க சார், இதைக் கேட்டு எவன் கதவத் தொறப்பான்? கட்சிக்காரன் வந்துட்டான்னு டிவி சத்தத்தக் கூட்டி வெப்பாங்க."

கடைசி நாற்காலியிலிருந்து மருதாயி எழுந்தார். யார் கூட்டி வந்தார்களோ தெரியவில்லை.

"என் கொரல்ல போடுங்கண்ணே. நான் கூப்பிட்டுத்தானே எல்லாரும் போனாங்க? நானே வேணாம்னு சொல்றேன். எங்க வீட்டுக்காரரு நெஞ்சுவலியில சாகல. மாத்திரைய நிறுத்திட்டு அந்தப் பொடியக் குடிச்சுத்தான் செத்தாரு. இன்னமும் நான் வாய மூடிக்கிட்டிருந்தா இன்னொருத்தி தாலியும் போயிரும்."

"பிரமாதம்! இதான் நம்ம விளம்பரம்!" என்று அழகர்சாமி கை தட்டினார். ஒரு பொம்பளை புருஷன் செத்த கதையைச் சொல்கிறாள், இந்த மனுஷனுக்குப் பிரமாதமாம். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். ஆனாலும் திரும்பி வந்து ஒலிப்பதிவு செய்து கொடுத்தது நான்தான். அவர் வழக்கமாகக் கூவுகிற மாதிரியே "ஏ லயத்துச் சனமே, வெளிய வாங்க!" என்று தொடங்கட்டும், அப்போதுதான் ஆள் வரும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மருதாயியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவருடைய லயத்துக்கே முதலில் போனேன். ஒலிபெருக்கியில் குரல் எழும்பியதும் கதவுகள் திறந்தன. மழையிலும் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் கையில் பர்ஸ் இருந்தது. ஆட்டோவுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். முகாம்காரர்கள் மறுபடி வந்துவிட்டார்கள் என்று நினைப்பு! "அந்தப் பொடிய வாங்காதீங்க" என்று பதிவு கதறிக்கொண்டிருக்கிறது, இங்கே முன்னால் நிற்க இடத்துக்குச் சண்டை.

கீழ் லயத்து இசக்கியம்மா நொண்டிக்கொண்டே வந்தார். ஒரு காலில் துணி சுற்றியிருந்தது.

"டாக்டருங்க எங்கடி மருதாயி? பொடி தீந்து போச்சு."

மருதாயி இறங்கினார். "நீ இன்னும் அதையா குடிக்கிற?"

"மகன் போன் போட்டு வரவழைச்சான்ல. நீ சொன்ன அன்னைக்கே மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டேனே!"

மருதாயி குனிந்து துணியை அவிழ்த்தார். நாற்றம் என் வரைக்கும் வந்தது. விரல்கள் கறுத்துப்போயிருந்தன. அப்படியே சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "அவரு செத்தப்பவே சொல்லியிருக்கணும். ஐயோ, அப்பவே சொல்லியிருக்கணும்."

நான் மைக்கை அணைத்தேன். இசக்கியம்மாவையும் மருதாயியையும் ஏற்றிக்கொண்டு கூடலூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, வெளியூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும், சம்மதமா என்று கேட்டார்.

இசக்கியம்மா டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. மருதாயி பக்கம் திரும்பினார்.

"நீ என்னடி சொல்ற? நீ சொன்னா எடுத்துக்கட்டும்."

மருதாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.