ஐந்தாவது மீனின் செவுள்

ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினால் அது வேறு படமாகிவிடும் என்று நம்பியவன் நான். மீசையை எடுத்துவிட்டால் மனைவிக்கு அடையாளம் தெரியாது என்று நினைக்கிற கணவனின் நம்பிக்கை அது. ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

ராயபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். எண்ணூர் கழிமுகத்தில் கலக்கும் ஆலைக்கழிவு மடவை மீனின் செவுளை எப்படி அரிக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினேன். ஆறு மீன், ஆறு மைக்ரோஸ்கோப் படம். மீன் பிடித்துத் தந்தவர் காத்திவாக்கம் தேசப்பன். ஐந்தாவது மீனின் செவுள் மைக்ரோடோம் என்ற கருவியில் மெல்லிய ஏடாகச் சீவும்போது கிழிந்துபோனது. இன்னொரு மீன் கேட்டிருக்கலாம். வெளியே மழை. இரண்டாவது மீனின் படத்தையே திருப்பி ஐந்து என்று எண் போட்டேன். முடிவு உண்மைதானே என்று எனக்கு நானே வாதாடி, தீர்ப்பையும் நானே சொல்லிக்கொண்டேன்.

கட்டுரை ஆய்விதழில் வந்ததும் தேசப்பன் அதை லேமினேட் செய்து, ஆலைக்கு எதிராக ஊரார் கொடுத்த மனுவோடு சேர்த்தார்.

"நாங்க கத்துனா எவன் கேக்குறான் சார்? இது புக்குலயே வந்துகீதே!"

மனு மீதான விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த இதழிலிருந்து மின்னஞ்சல். எங்கோ ஒரு வாசகர் கவனித்துவிட்டார். இரண்டு படத்திலும் ஒரே சாயப்புள்ளி. ஒன்றில் மேலே, மற்றதில் கீழே.

கட்டுரையை என்னோடு எழுதிய ஆய்வு மாணவி நசீமாவிடம், "ஃபைல் மாறிடுச்சுன்னு சொல்லி, திருத்தம் போட்டுடலாமா?" என்றேன்.

"ஃபைல் மாறும் சார். மாறுன ஃபைல் தானா தலைகீழா நிக்குமா?" என்றாள். "எம் பேரும் அதுல இருக்கு."

நடந்ததை நடந்தபடி எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். பிறகு காத்திவாக்கம் போனேன். தேசப்பன் வலை பின்னிக்கொண்டிருந்தார். கட்டுரையைத் திரும்பப் பெற்றதைச் சொன்னேன்.

"அப்போ மீனுக்கு ஒண்ணியும் ஆவலியா?"

"ஆகியிருக்கு. ஒரே ஒரு படம்தான் நான்..."

ஊசி நின்றது. "ஒரு மீனு கொறையுதுன்னு போன் போட்டிருந்தா கூடையோட வந்திருப்பேனே சார்! இப்போ கம்பெனிக்காரன் மீதி அஞ்சையும் டூப்புன்னுவான்."

கம்பெனிக்காரர் அப்படியே சொன்னார். மனு தள்ளுபடியானது.

அடுத்த வாரம் தேசப்பன் நிஜமாகவே கூடையோடு கல்லூரிக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் நசீமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுபடி சீவினோம். இந்த முறையும் எட்டு மீனில் இரண்டு கிழிந்தன. கிழிந்தது என்று எழுதினோம். அதை எழுத ஒரு வரிதான் தேவைப்பட்டது. அந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டுத்தான் ஒரு ஊரின் மனுவைக் கவிழ்த்தேன்.

புதிய கட்டுரை இந்த வருடம் வந்தது. ஊரார் மறுபடி மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். காத்திவாக்கத்துக்குக் கட்டுரையை எடுத்துப் போய் நீட்டினேன். தேசப்பனின் மனைவி கன்னியம்மா ஆறு படங்களையும் எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"ஆறும் ஒரே மாரிதான் கீது. இன்னா சார், மறுபடியுமா?"