நாலு தலைவரும் ஒரு தேரும்

அந்த நாலு பேரும் கோவிப்பினமோ என்று, இதை எழுதக் கனவருசம் தயங்கினேன்.

ஊரில் யுத்தம் முடிந்த வருசம். நொந்துபோயிருந்த சனத்துக்காக, டென்மார்க்கில் எங்கட சின்ன முருகன் கோயிலுக்கு முதல் தேர் நேர்ந்திருந்தோம். தலைவர் பதவிக்கு நாலு பேர் பிடுங்குப்பட்டதில் தேரே நின்றுவிடும் போலிருந்தது.

கூட்டம் நடந்த பள்ளிக்கூட மண்டபத்தைப் பூட்ட வந்தார் காவலாளி. நெடிய டேனிஷ்காரர், எந்நேரமும் கரட் கடிப்பார். விசயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

“ரோமச் சாம்ராச்சியத்தையே நாலு ராசாக்கள் பிரிச்சு ஆண்டவை. உங்களுக்கு ஒரு தேர் பெரிசோ?”

நாலு பேரும் வெட்கப்பட்டு ஆளுக்கொரு பொறுப்பெடுத்தார்கள்.

“ராசாக்கள் கடைசிவரை ஒற்றுமையோ?” வாசலில் மெல்லக் கேட்டேன்.

“எங்கை! மூத்தவர் விலகினதும் அடிபட்டவை. அதைத் தேர் முடிய இவையளுக்குச் சொல்லும்!”

தேர் ஆடி அசைந்து ஓடியது, முருகா! கரட்டோடு அவரை அனுப்பினது நீதானோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வாசிக்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் மற்றவைக்கும் சொல்லுங்கோ.