தெற்குமாசி வீதிச் சாக்லேட் காலமானது

வாசகசாலைக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு துயரச் செய்தி. முத்தையா அண்ணன் கடையின் கைச்சாக்லேட் இன்று காலை ஏழு மணிக்கு இயற்கை எய்தியது. வயது இரண்டு மாதம்.

சிரிக்காதீர்கள்... எரிச்சலில் எழுதி ஒட்டுகிறேன். தாளை யாரும் கிழிக்க வேண்டாம்.

அண்ணன் கொழும்பில் ஒரு பெல்ஜியம் துரையின் கடையில் எட்டு வருஷம் சாக்லேட் செய்தவர். போட்மெயில் ரயிலில் ஊர் திரும்பி, இங்கேயும் அதே பக்குவத்தில் செய்தார். வெயில் ஏறுவதற்குள், சலவைக்கல்லின் மேல், கையாலேயே.

முதல் வாரம் ஒரு ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. கறுப்பாக, உருண்டையாக... எல்லோரும் லேகியம் என்று நினைத்துவிட்டார்கள்.

"மாப்ள, தொடாதடா. பேதி மருந்து" என்றான் என் வகுப்பு சௌந்தர்.

நான் கடித்தேன். மேல் ஓடு டக்கென்று உடைந்தது... உள்ளே வறுத்த முந்திரிப் பாகு! வாயைத் திறந்தால் வீணாகிவிடுமே என்று தெருமுனை வரை மூடியே வந்தேன். நான் பேசாமல் நடந்ததைத் தெரு அன்றுதான் பார்த்தது.

ஆகவே கொழும்புச் சாக்லேட்டைக் கண்டுபிடித்த கொலம்பஸ் நான்தான். சௌந்தருக்கு இதில் பங்கு கிடையாது.

பெருமை தாங்காமல் ஊர் முழுக்கச் சொன்னேன். விளைவு, காலையிலேயே கியூ. பள்ளிக்கூடம் விட்டு நான் போனால் வெறும் தட்டு.

"எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கக்கூடாதாண்ணே?"

"இம்புட்டுப் பேரக் கூட்டியாந்தது நீதானடா. காலையில வா."

காலையில் எனக்குக் கணக்கு டியூஷன். வயிறு எரியாதா?

போன வாரம் திடீரென்று கியூவைக் காணோம். சாக்லேட்டில் முட்டை சேர்க்கிறார் என்று ஒரு பேச்சு. நம் தெருவில் பாதி வீடு சைவம்.

"பாலு, முந்திரி, சீனி, கோகோ. மீனாச்சி சத்தியமா வேற ஒண்ணுமில்ல தாயி" என்று எதிர்வீட்டுப் பத்மா அக்காவிடம் அண்ணன் கெஞ்சினார்.

"இருக்கட்டும்ண்ணே. சாமி கும்புடுற வீடு" என்று அக்கா நிற்காமல் போய்விட்டார்.

நான்கு நாள் செய்தது அத்தனையும் ஐஸ் பெட்டிக்குள்ளேயே உருகிக் கூழாயிற்று. இன்று காலை அண்ணன் சலவைக்கல்லைக் கழுவிச் சுவரோரம் சாத்தினார். இனிக் கடலைமிட்டாய் மட்டும்தானாம்.

முட்டைக் கதையைக் கட்டியவன் எவன் என்று எல்லோரும் கேட்பீர்கள்.

சரி... நான்தான். கியூ கொஞ்சம் குறையட்டுமே என்று பத்மா அக்காவிடம் சொன்னேன். ஒரே ஒருத்தரிடம்!

இன்று மத்தியானம் அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "எதுடா பொய்? அன்னைக்குச் சொன்னதா, இப்பச் சொல்றதா?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

போய் வா, சாக்லேட்டே. உன்னை நான் மொத்தம் மூன்றுதான் தின்றேன்.

சாயங்காலம் அண்ணனிடம் ஒப்புக்கொள்ளத்தான் கடைக்குப் போனேன். "என்னடா வேணும்?" என்றார்.

கடலைமிட்டாய் என்றேன்.