சித்தப்பாவின் ‘கிஃப்ட்’ பலகை

சித்தப்பாவின் கடையில் நான் செய்த முதல் வேலை பொய் சொன்னது. அப்போது எனக்குப் பத்து வயது.

டென்மார்க்கில், பிரெடெரிசியா நகரத்தில் அவர் கடை திறந்து மூன்று மாதம். அதற்கு முன்பு பன்றி வெட்டும் தொழிற்சாலை. அதற்கும் முன்பு ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கம். துவக்குத் தூக்கிய கையால் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். தமிழர் மட்டும் வந்தால் கடை நிற்காது. நத்தார்ப் பண்டிகைக்குப் பரிசு வாங்கவாவது டேனிஷ்காரர் வராவிட்டால் பூட்டிவிட்டு மறுபடியும் பன்றி வெட்டப் போகவேண்டும். அதனால் தேயிலை, கஜு, கறித்தூள் எல்லாவற்றையும் கூடைகளில் அடுக்கி, பளபளக்கும் தாளில் சுற்றி, பெரிய பலகையில் ‘கிஃப்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

“பிள்ளை, எழுத்துச் சரியோ பார்.”

வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்குப் போகவிடாமல் வீட்டில் என்னைக் கூடை சுற்ற வைத்திருந்தார்கள். எனக்கு ஆத்திரம். டேனிஷில் அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

“ஓம்” என்றேன்.

சனம் கண்ணாடிக்கு வெளியே நின்று வாசித்தது, சிரித்தது, போனது. சித்தப்பா ஒவ்வொருவருக்கும் கையசைத்தார்.  நான் குனிந்து அடுத்த கூடையைச் சுற்றினேன்.

கடைசியில் நாயோடு ஒரு டேனிஷ் கிழவி உள்ளே வந்தாள். நஞ்சு விற்கிறாயா, இல்லை உனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கிறாயா என்று கேட்டாள். டேனிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்.

“என்னவாம்?” என்றார் சித்தப்பா.

கலியாணத்தை முதலில் சொன்னேன். சிரித்தார். பிறகு நஞ்சைச் சொன்னேன். அவர் கை கழுத்துக்குப் போய், எதையோ தேடி, வெறுமனே இறங்கியது.

கிழவி இரண்டு கூடை வாங்கினாள். அடுத்த நாள் கூட்டாளிகளையும் கூட்டி வந்தாள். கடை நிலைத்து நின்றது. நான் படித்தது அந்தக் கடையால்தான்.

அன்று அவள் போனதும் சித்தப்பா பலகையை இறக்கினார்.

“உனக்கு முதலே தெரியும், என்ன?”

“ஓம்.”

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அப்பாவிடமும் அவர் சொல்லவில்லை. நான் யாருக்கும் லேசில் நன்றி சொல்கிற ஆள் இல்லை. அவருக்குச் சொல்கிறேன்.

“அந்தச் சனியனைக் கழுத்திலயிருந்து கழட்டி எறிஞ்சுபோட்டுத்தானடி இஞ்ச வந்தனான்,” என்றார். “நீ என்னடாவெண்டால் கடையில கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய்.”

இயக்கத்தில் இருந்தவர்கள், பிடிபட்டால் கடிக்கவென்று, நஞ்சுக்குப்பியைக் கழுத்தில் கட்டியிருந்தார்கள் என்று அப்போது வீட்டில் ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பலகையை யார் கழுத்தில் கட்டுவார்கள்? இந்த மனுசனுக்கு டேனிஷ் மட்டுமல்ல, தமிழும் சரிவராது என்று நினைத்துக்கொண்டேன்.