ஓரத்தில் ஒரு விரல்

கீழ் வீட்டு அக்கா கேட்காமல் கொள்ளாமல் என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் இன்னும் உட்காரக்கூட இல்லை. இரண்டு காதுக் கம்பிகளையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஏம்மா, இதைப் போட்டுக்கிட்டேதான் தூங்குவியா? மூக்கு ஒரு பக்கம் போகுது, கண்ணாடி ஒரு பக்கம் போகுது" என்றார். கட்டைவிரலால் இடது கம்பியை ஓர் அழுத்து. இடுப்பில் செருகியிருக்கும் மெல்லிய துணியால் ஒரு துடைப்பு. திரும்ப என் மூக்கில் உட்கார வைத்து, ஓரடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்பதான் மனுஷியா இருக்க."

நேற்றும் இதேதான் நடந்தது. முந்தாநாளும். மேல் வீட்டில் குடியிருப்பவள், பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்று ஒவ்வொரு முறையும் நான் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று அவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சந்தோஷப்படுவார். என் பெயர் அவரிடம் தங்குவதில்லை. என் மூக்கு தங்கிவிட்டது. எடுத்த எடுப்பில் அவர் கை இடது கம்பிக்குத்தான் போகிறது. எனக்கு இடது காது கொஞ்சம் தாழ்வு. இதை என்னைப் பெற்றவள்கூடக் கண்டுபிடித்ததில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடி அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறை வேலை அவருக்கு. லென்ஸைச் சக்கரத்தில் தேய்த்து, அளவு பார்த்து, ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு போய் உட்கார்ந்தவர், முதலாளி கடையை மூடியபோதுதான் எழுந்தாராம். அந்தச் சக்கரம் ஒருநாள் கையைக் கவ்வியதில் இடது ஆட்காட்டி விரலின் நுனி உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "வந்தவங்க எல்லாருக்கும் ஃபிரேம் நல்லாத்தான் இருந்துச்சு. லென்ஸ்தான் சரியில்ல" என்று சிரித்திருக்கிறார்.

உண்மைக் காரணம் இப்போது அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நிற்கிறது. அவருடைய தம்பி. அப்பா முகம் தெரியாத அந்தத் தம்பியைப் படிக்க வைத்து, ஆளாக்கி, கல்யாணமும் செய்து வைத்து, நடுவில் படுத்த படுக்கையான அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அக்காதான். கீழ் வீட்டில் இப்போது நாலு பேர்: அக்கா, தம்பி, தம்பி மனைவி, வேலைக்குப் போகிற அவர்கள் மகள். மறதி வந்து அந்த வீட்டில் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்து கொஞ்ச காலம் ஆகிறது.

சாயங்காலம் ஆனால் அக்காவுக்கு ஒரு பரபரப்பு பிடித்துக்கொள்ளும். குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார். துணி இரண்டை மடித்துப் பையில் வைப்பார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, தம்பி மனைவியிடம், "ரொம்ப நேரம் இருந்துட்டேன். உங்களுக்கும் வேலை இருக்கும். இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடறேன்" என்பார். சத்தம் போட மாட்டார், அழ மாட்டார். விருந்துக்கு வந்தவர் விடைபெறுகிற மரியாதை. அந்த மரியாதைதான் தம்பியைக் கொன்றது. "திட்டினாக்கூடத் தாங்கிக்குவேங்க. என்னைப் போய் 'நீங்க வாங்க'ன்னு பேசறாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல அவசரமாக உள்ளே போய்விட்டார்.

பழைய படங்களைக் காட்டிப் பாருங்கள், ஞாபகம் பிடிபடும் என்று டாக்டர் சொன்னார். நல்ல யோசனைதான். அதுவே வினையாகப் போய்விட்டது.

அக்கா ஆல்பத்தை மடியில் வைத்து ஆசையாகப் பார்த்தாராம். அம்மாவின் முகத்தில் நின்றாராம். பள்ளிச் சீருடையில் முறைத்துக்கொண்டு நிற்கும் தம்பியைப் பார்த்து, "இவன் சாப்பிடப் படுத்தியிருப்பான்போல" என்று சிரித்தாராம். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தார். இந்த முறை அவர் தேடியது தன்னை. எங்கே கிடைப்பார்? அத்தனை படத்தையும் எடுத்ததே அவர்தானே! கடை முதலாளி பரிசாகக் கொடுத்த ஒரு சின்ன கேமரா. அதை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. "நீ எடுத்தா தலை போயிடும்" என்பாராம். எல்லோருடைய தலையையும் காப்பாற்றிய அக்காவின் தலை ஒரு படத்திலும் இல்லை.

ஆல்பத்தை மூடித் தம்பியிடம் கொடுத்தார். "நல்ல குடும்பம். ஆனா இதுல நான் எங்கயும் இல்லயே. அடுத்தவங்க வீட்ல எத்தனை நாளுதான் இருக்கறது?" என்றார்.

ஆதாரத்தைப் பார்த்துவிட்டல்லவா பேசுகிறார்! மகள் தன் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினாள். போன மாதம் நாலு பேரும் சேர்ந்து எடுத்தது. "இந்த வயசான அம்மா யாரு, பாவம்?" என்று தன்னையே காட்டிக் கேட்டார் அக்கா. தம்பி விடவில்லை. அம்மாவின் படத்தில், அம்மா போட்டிருக்கும் கண்ணாடியில் எதிரே நின்று படமெடுத்தவரின் உருவம் விழுந்திருக்கும் என்று ஒரு யோசனை தோன்றி, அச்சகத்தில் அதைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அக்கா அதைக் கிட்டத்தில் வைத்து, தூரத்தில் வைத்துப் பார்த்தார். "லென்ஸ்ல கீறல் விழுந்திருக்கு. யாரு போட்டுக் குடுத்தது இதை? கொண்டாங்க, மாத்தித் தரேன்" என்றார். மகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த வாரம், யாரும் பார்க்காத நேரத்தில் அக்கா பையோடு போயே போய்விட்டார். நானும்தான் தெருத் தெருவாக ஓடினேன். லாரிகள் பறக்கிற பெரிய சாலையைத் தாண்டி, அவருடைய பழைய கடை இருந்த இடத்தில், இப்போதிருக்கும் செல்போன் கடைக்காரரிடம், "என்னைக் கேட்காம ஏன் பூட்டை மாத்தினீங்க?" என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று தம்பி வாசல் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தார். சாயங்காலமானால் பூட்டுவார். கதவைத் திறக்க முடியாமல், "தயவுசெஞ்சு என்னை வீட்டுக்கு அனுப்புங்க" என்று அக்கா கும்பிடுவதைக் கேட்டுக்கொண்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "என்னை வளர்த்தவங்களை நானே பூட்டி வெக்கறேன் பாருங்க." பூட்டினால் இந்தக் கதி. திறந்தால் அந்தச் சாலை.

ஒருநாள் நான் அந்த ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "படமெல்லாம் ஏன் இப்படி ஒல்லியா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுவா? எல்லாம் எங்க வீட்டுக்காரர் பண்ண வேலை" என்று சிரித்தார் தம்பி மனைவி. "அக்காவுக்குப் படம் எடுக்கும்போது விரல் லென்ஸ் மேல வந்துடும். அந்தக் கேமராவுல கண்ணை வெச்சுப் பார்க்கற ஓட்டை தனி, லென்ஸ் தனி. மறைக்கறது எடுக்கறவங்களுக்குத் தெரியாது. ஒரு படம் விடாம இடது ஓரத்துல மங்கலா ஒரு விரல்! மூணு பேரை நிக்க வெச்சா, மூணு பேரும் ஒரு விரலும்னு எங்க மாமியார் சொல்லிச் சிரிப்பாங்க. இவருக்குத்தான் ஓரம்னா சுத்தமா இருக்கணுமே! மக பொறந்தப்புறம் ஒருநாள் எல்லாத்தையும் அச்சகத்துக்குத் தூக்கிட்டுப் போய், மெஷின்ல வெச்சு, அக்கா விரலை எல்லாம் வெட்டி..."

அதோடு அவர் பேச்சு நின்றுவிட்டது. எதிரே தம்பி நின்றுகொண்டிருந்தார். ஆல்பத்தை வாங்கி, ஒரு படத்தின் இடது ஓரத்தைத் தடவினார். பிசிறில்லாமல் நூல் பிடித்தாற்போல வெட்டிய ஓரம். வாழ்நாளெல்லாம் முதலாளிகளிடம் பாராட்டு வாங்கித் தந்த கை.

"இருந்தாங்க. எல்லாத்துலயும் இருந்தாங்க. நான்தான் வெட்டிட்டேன்" என்றார்.

தம்பி மனைவி அந்தப் பேச்சை வளர விடவில்லை. "தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்தா விரல் முளைச்சுடுமா? நெகடிவ் எங்கயாவது இருக்கும். அக்கா எதைத் தூக்கிப் போட்டிருக்காங்க?" என்று அலமாரியைக் கவிழ்த்தார். லென்ஸ் வருகிற அட்டைப் பெட்டி ஒன்றில், லென்ஸ் சுற்றுகிற அதே மெல்லிய தாளில் சுற்றி, நெகடிவ் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

ஓரம் வெட்டாத படங்கள் வந்த அன்று நானும் கீழே இருந்தேன். அழைப்பெல்லாம் இல்லை, நானாகத்தான் போய் நின்றேன். அக்கா தோளில் பையோடு வாசலுக்கு வந்துவிட்டார். "போறதுக்கு முன்னாடி இதை மட்டும் பார்த்துட்டுப் போங்க" என்றார் தம்பி. மரியாதைக்காக அக்கா உட்கார்ந்தார், பையைத் தோளிலிருந்து இறக்காமல்.

முதல் படம் அம்மா. இரண்டாவது, சீருடையில் தம்பி. மூன்றாவதில் அக்காவின் புருவம் சுருங்கியது. "யாரு இந்தப் படமெல்லாம் எடுத்தது? ஒண்ணு விடாம விரலை விட்டு வெச்சிருக்கு! கேமராவைப் பிடிக்கத் தெரியாத ஜென்மம்!"

"எல்லாத்தையும் ஒரே ஆளுதாங்க எடுத்தாங்க" என்றார் தம்பி மெதுவாக.

"எல்லா நேரமும் அவங்க கூடவே இருந்தாங்களா?"

"எல்லா நேரமும் இருந்தாங்க."

"இருந்து என்ன, பிடிக்கத் தெரியலயே! இப்படிப் பிடிச்சா விரல் விழாம என்ன பண்ணும்?" என்று அந்த ஜென்மத்துக்குப் பாடம் எடுப்பதற்காக இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கினார். இல்லாத கேமராவைப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். இடது ஆட்காட்டி விரல், சாய்ந்த நுனியோடு, தானாக முன்னால் வந்து நின்றது.

அதை அவர் பார்த்தார். கண்ணைத் திறந்து, கைகளைப் பிடித்தது பிடித்தபடியே வைத்துக்கொண்டு, அந்த விரலையே பார்த்தார். பிறகு கைகளை இறக்கி, படத்தின் ஓரத்தில் மங்கலாக இருந்த அந்தச் சாய்ந்த நுனியின் மேல் தன் விரலை வைத்தார். சரியாக மூடியது. அடுத்த படம். அதிலும் மூடியது. தம்பியின் முதல் சைக்கிள், அவர் மனைவி இந்த வீட்டுக்குள் கூச்சத்தோடு நுழைந்த நாள், குளியல் தொட்டியில் குழந்தை. ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டே போனார். பெயர்களைத் தொலைத்துவிட்டு, முகங்களைத் தொலைத்துவிட்டு, கண்ணாடியில் தெரியும் தன்னையே தொலைத்துவிட்டு, ஒரு மனுஷி ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குள் நடந்து வருவதை நான் கண்ணால் பார்த்தேன். பாதி அடுக்கில் தலையைத் தூக்காமலேயே தோளிலிருந்த பையைக் கழற்றி, "இதை உள்ள வைம்மா" என்று தம்பி மனைவியிடம் நீட்டினார்.

மறுநாள் அத்தனையும் மறந்து போயிற்று. பை, செருப்பு, "ரொம்ப நேரம் இருந்துட்டேன்." தம்பி படங்களை எடுத்து வந்தார். அதே திட்டு, அதே ஜென்மம், அதே விரல். அதற்கடுத்த நாளும் அப்படியே. இப்போதெல்லாம் தம்பி அச்சகத்திலிருந்து நேரே வந்து, மேஜையைத் துடைத்து, அடுக்கை எடுத்து வைத்துவிடுகிறார். பூட்டு அலமாரியின் மேல் கிடக்கிறது. நானும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு இறங்கி வந்துவிடுகிறேன். பார்த்ததையே பார்க்க அலுக்கவில்லையா என்று கேட்டால், இல்லை, அலுக்கவில்லை.

இன்று என் கண்ணாடியைச் சரி செய்த பிறகு அக்கா மேஜைக்குப் போனார். திட்டி முடித்து, விரலைக் கண்டுபிடித்து, பையைக் கொடுத்துவிட்டு, அடுக்கின் அடிவரை வந்துவிட்டார். கடைசிப் படம் எனக்கே புதிது. மகள் தன் செல்போன் படத்தை அச்செடுத்துச் சொருகி வைத்திருக்கிறாள். நாலு பேர் நிற்கும் அந்தப் படம்.

அக்கா நடுவில் இருந்த முகத்தைப் பார்த்தார். "இந்த அம்மா யாரு? நம்ம வீட்டு ஆளா?"

"ஆமாக்கா" என்றார் தம்பி.

அக்கா தலையாட்டிவிட்டு இடது ஓரத்துக்கு வந்தார். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் சுவர். படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். "இதுல விரல் இல்லயே? யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கல அத்தை. போனை ஜன்னல்ல வெச்சோம், அதுவா எடுத்துக்கிச்சு" என்றாள் மகள்.

"அதானே பார்த்தேன்" என்றார் அக்கா. படத்தை மேஜையில் நேராக வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, காலியாக இருந்த அந்த இடது ஓரத்தில் தன் சாய்ந்த விரலை வைத்து, எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.